உப்பளக் கரையின் கதை – 14: ஒரே வீட்டில் இரண்டு மொட்டைகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே புறப்படுகிறவர், கீழ்புத்துப்பட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று முறை எல்லை தாண்டிவிடுகிறார். முத்தியால்பேட்டையை விட்டுக் கோட்டக்குப்பத்தில் நுழைந்தால் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் கடந்து காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் முடிந்ததும் கீழ்புத்துப்பட்டு, திரும்பவும் தமிழ்நாடு. பெட்ரோல் விலை மாறுகிறது, மதுக்கடைப் பலகைகள் திடீரென்று நின்றுபோகின்றன, சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கோட்டின் வேலை அவ்வளவுதான்.

1910-இல் அப்படி இல்லை. அன்று இந்தக் கோடு இரண்டு பேரரசுகளின் எல்லை. காலாப்பட்டு முதல் கனகசெட்டிக்குளம் வரை பிரெஞ்சுக் கொடி. அதற்கு வடக்கே சென்னை மாகாணத்தின் தென்னாற்காடு மாவட்டம், மரக்காணம் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை, எல்லாமே பிரிட்டிஷ் ஆட்சி. காலாப்பட்டில் நிற்கும் ஒருவரைப் பிடிக்க பிரிட்டிஷ் வாரண்டுக்கு அதிகாரம் கிடையாது. அவரே கீழ்புத்துப்பட்டு மணலில் கால் வைத்தால் அந்த நிமிடமே கைவிலங்கு மாட்டலாம்.

சென்ற இதழில் உப்பைப் பற்றிப் பார்த்தோம். 1818-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பகுதியில் உப்பு விளைவிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுக்க பிரிட்டிஷார் ஒப்புக்கொண்டார்கள். உப்பும் சாராயமும் திருட்டுத்தனமாகக் கோட்டைத் தாண்டாமல் இருக்க, எல்லை நெடுகச் சாவடிகள் முளைத்தன. அந்தச் சாவடிகள் சரக்குக்கானவை. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது உப்பா உளுந்தா என்று தெரிந்துவிடும். ஆனால் ஓர் ஆளை எப்படி அவிழ்த்துப் பார்ப்பது? வருகிறவர் தாம் சொல்லும் பெயருக்கு உரியவர்தானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? 1908-க்கும் 1918-க்கும் நடுவே இந்த எல்லையைச் சுற்றி நடந்த ஆள்மாறாட்டங்கள் அத்தனைக்கும் ஆணிவேர் இந்தக் கேள்விதான்.

அன்றைய நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்தக் கதை விளங்கும். கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் அலுவலகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிவிட்டது. ஆனால் அது ஏற்கெனவே சிறைக்குப் போய் ரேகை பதித்தவர்களுக்குத்தான் உதவும். படம் ஒட்டிய பாஸ்போர்ட் முதல் உலகப் போரின்போதுதான் கட்டாயமாயிற்று. இந்தியாவில் அதற்கான சட்டம் 1920-இல் வந்தது. அதற்கு முன்பு கப்பலில் ஏறுகிறவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதுதான் அவர் பெயர். தாடி வளர்த்தால் வேறு ஆள், தலைப்பாகை கட்டினால் வேறு மதம். வங்காளத்தில் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்து எரிக்கப்பட்டதாக எல்லோரும் நம்பிய பாவால் ஜமீன் குமாரர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சந்நியாசியாக டாக்காவில் தோன்றினார். அவர்தான் இவரா என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றங்களுக்கு 1946 வரை ஆயிற்று. கடைசியில் இவர்தான் அவர் என்று லண்டன் பிரிவி கவுன்சில் முடித்தது. உடம்பில் இருந்த மச்சம், தழும்பு, கால் அளவு வரை சாட்சிகள் பேசினார்கள். ஒருவர் யார் என்பதை நிரூபிப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு பாடு.

பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு முதலில் வந்தவர் பாரதி. 1908-இல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் மேல் அரசு பாய்ந்தபோது, சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் மு. சீனிவாசன். எழுதியது பாரதி, பிடிபட்டு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர் சீனிவாசன். ஒருவர் பெயரில் இன்னொருவர் இயங்குவது அன்றைய பத்திரிகைகளில் வழக்கம்தான். ஆனாலும் பெயரை மட்டும் கொடுத்திருந்த அந்த மனிதர் அனுபவித்த தண்டனை வெறும் பெயரளவானதல்ல. பாரதியின் வரலாற்றில் சீனிவாசனுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அவர் ஒரு தனி அத்தியாயத்துக்கு உரியவர்.

அடுத்தவர் அரவிந்தர். 1910 ஏப்ரல் 1 அதிகாலை கல்கத்தாவிலிருந்து 'துய்ப்ளெக்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் புறப்பட்டது. அதன் பயணிகள் பட்டியலில் ஜதீந்திரநாத் மித்ரா என்று ஒரு பெயர், பங்கிம் சந்திர பௌமிக் என்று ஒரு பெயர். முன்னவர் அரவிந்தர், பின்னவர் அவருடன் வந்த பிஜய் நாக். இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்தது கொழும்புக்கு. கொழும்பு வரை சீட்டு எடுத்தவர் வழியில் புதுச்சேரியில் இறங்கிவிடுவார் என்று தேடுகிறவர்களுக்குத் தோன்றாது என்பது திட்டம். கப்பல் ஏறுமுன் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்று கொடுத்த ஆங்கிலேய மருத்துவர், இந்தப் பயணி இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறாரே என்று வியந்து கேட்டார். இங்கிலாந்தில் படித்ததாக அரவிந்தர் பதில் சொன்னார். பெயர் பொய்; சொன்ன பதில் முழு உண்மை. மருத்துவர் மேற்கொண்டு துருவவில்லை.

அவருக்கு வீடு பார்த்து வைக்க, சுரேஷ் சக்கரவர்த்தி என்ற இளைஞர் நான்கைந்து நாள் முன்னதாகவே ரயிலில் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். நண்பர்களுக்கு அவர் மணி. கையில் பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாருக்கு ஒரு கடிதம். ஆனால் ஆச்சாரியார் கடிதத்தை நம்பினாலும் கொண்டு வந்தவரை நம்பவில்லை. அரவிந்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு வங்காளி இளைஞன் வந்து நிற்கிறான். பிரிட்டிஷ் போலீஸ் அனுப்பிய ஒற்றனாக ஏன் இருக்கக் கூடாது? ஏற்பாடு ஆகிவிட்டது, ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார்கள். ஏப்ரல் 4 மாலை கப்பல் வந்து, மித்ரா என்ற பெயரில் அரவிந்தரே இறங்கிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடியில் இடம் கிடைத்தது.

வ.வே.சு. ஐயர் வந்த கதை நாடகமேடைக்கே உரியது. திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய், இந்தியப் புரட்சியாளர்களின் 'இந்தியா ஹவுஸ்' குழுவில் சாவர்க்கருக்கு வலக்கையாக இருந்தார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டனில் கைதானார். அடுத்தது ஐயர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சீக்கியர் போல் வேடமிட்டுத் தப்பிய நிகழ்ச்சியை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் சொல்கிறார்கள். வழியில் ஒரு துப்பறிவாளர் வ.வே.சு. ஐயர் பெயருக்கு வந்த தந்தியை இவர் முன்னால் நீட்டுகிறார். அது தமக்கு வந்ததல்ல என்கிறார் இவர். பெட்டியின் மேல் வி.வி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றனவே என்று அடுத்த கேள்வி. தம் பெயர் வீர விக்ரம் சிங், அதன் முதல் எழுத்துகள் அவை என்று கண் இமைக்காமல் பதில் வருகிறது. பாரிஸில் சில மாதம் தங்கி, பிறகு முஸ்லிம் கோலத்தில் பல நாடுகளைச் சுற்றி, அந்த ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். இன்று நாம் பார்க்கும் படங்களில் ஐயருக்கு நெஞ்சு வரை தாடி இருக்கிறது. லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்த இளைஞருக்கும் அந்தத் தாடிக்காரருக்கும் இடையே ஒரே ஆண்டுதான் இடைவெளி.

அரவிந்தரும் ஐயரும் பொய்ப் பெயரில் வந்தார்கள், ஆனால் பொய்ப் பெயரில் ஒளிந்து வாழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1910 நவம்பரில் அரவிந்தர் தாமே சென்னை 'ஹிந்து' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தாம் இருப்பது புதுச்சேரியில், வந்தது யோகத்துக்காக, அரசியல் நடவடிக்கையில் இப்போது இல்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். ஒளிந்திருக்கும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையடிக்கும் வாய்ப்பு போலீசுக்கு அதோடு போயிற்று. 1911-இல் அந்நியர்கள் தங்குவதற்குப் புதுச்சேரி நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் நன்னடத்தைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் தங்கலாம் என்பது அதில் இருந்த வழி. சங்கர செட்டியார் உட்பட ஐந்து புதுச்சேரிக்காரர்கள் அரவிந்தருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். பிரிட்டிஷ் அரசை எதிர்த்துப் போட்ட கையெழுத்து அது. கோட்டைத் தாண்டி வியாபாரமும் உறவும் வைத்திருந்த குடும்பத்தார் அதைச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதே ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் புதுச்சேரிக்கு வந்து ஐயரைச் சந்தித்துப் போனவர் என்று தெரிந்ததும் போலீசின் பார்வை முழுதும் இந்தக் கரைக்குத் திரும்பிற்று. பிரெஞ்சு மண்ணுக்குள்ளேயே பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் வீடு எடுத்துத் தங்கினார்கள். ரயில் நிலையத்தில் ஆள், தெரு முனையில் ஆள். பிரிட்டிஷ் தபால் நிலையம் புதுச்சேரியிலேயே இருந்ததால் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், எழுதி அனுப்பலாம். தொடத்தான் முடியாது.

தொட முடியாதவர்களைப் பிடிக்க இரண்டு வழிகள்தான் உண்டு. பிரெஞ்சுக்காரர்களே வெளியேற்றும்படி செய்வது ஒன்று; கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவது இன்னொன்று. இரண்டையும் முயன்றார்கள்.

1912-இல் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு டப்பா அகப்பட்டது. உள்ளே ராஜத்துவேஷத் துண்டுப் பிரசுரங்கள், ஒரு காளி படம், வங்காளத்தில் எழுதிய தாள்கள். யாரோ இரவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பதறுகிறவர் என்ன செய்வார்? எரிப்பார், அல்லது வேறிடத்தில் புதைப்பார். அப்படிச் செய்து பிடிபட்டால் அதோடு தீர்ந்தது. ஐயர் பாரதியோடும் அரவிந்தரோடும் கலந்து பேசினார். நேரே பிரெஞ்சுப் போலீசிடம் போய்ச் சொல்லிவிடுவதே சரி என்று அரவிந்தர் சொன்னார். அப்படியே செய்தார்கள்.

இந்த நாட்டுப்பற்றாளர்களின் வீடுகளில் சதிக்கான ஆதாரம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். விசாரணை நீதிபதி நாந்தோ போலீசோடு வீடு வீடாக வந்தார். அரவிந்தர் இருந்த வீட்டில் நாற்காலி மேஜைகூடச் சரியாக இல்லை. மேஜை இழுப்பறையில் வெடிகுண்டு வரைபடம் இருக்கும் என்று வந்தவருக்கு லத்தீன் நூல்களும் கிரேக்க நூல்களும் கிடைத்தன. பிரெஞ்சுக்காரரான நாந்தோவுக்கு அதற்கு மேல் வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு படித்தவரா என்று வியந்து, மரியாதையோடு விடைபெற்று, தம்மை வந்து பார்க்கும்படி அழைப்பும் கொடுத்துவிட்டுப் போனார். பொய்ப் புகாருக்குத் தன்மேலேயே வழக்கு வரும் என்று தெரிந்ததும் புகார் கொடுத்தவர் எல்லை தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்கு ஓடிவிட்டார். கோடு யாரைக் காக்கும் என்பது அன்றைக்குத் தலைகீழாயிற்று.

இரண்டாவது வழியும் அப்படித்தான் முடிந்தது. உள்ளூர்ச் சண்டியர் கூட்டம் ஒன்றைப் பிடித்து, அரவிந்தரைத் தூக்கிக்கொண்டு போய் பிரிட்டிஷ் மண்ணில் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. புதுச்சேரி எல்லை துண்டு துண்டாகக் கிடப்பதால் எந்தத் திசையில் ஓடினாலும் சில மைல்களில் அக்கரைதான். செய்தி காதுக்கு எட்டியதும் வீட்டிலிருந்த இளைஞர்கள் அமிலப் புட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் காவல் இருந்தார்கள். சண்டியர்கள் வரவில்லை. வேறொரு விவகாரத்தில் அவர்களுடைய தலைவன் மேலேயே வாரண்டு பிறந்து, அவன் சென்னைக்கு ஓடிப்போயிருந்தான்.

வெளியிலிருந்து முடியாததை உள்ளேயிருந்து செய்து பார்க்கும் முயற்சியும் நடந்தது. இந்தப் பத்தாண்டுகளிலேயே மிக விசித்திரமான நிகழ்ச்சி அதுதான். அரவிந்தரின் வீட்டில் இருந்த நளினி காந்த குப்தர் தம் நினைவுக் குறிப்புகளில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

1912-13 வாக்கில் நாகேன் நாக் என்ற வங்காள இளைஞர் புதுச்சேரிக்கு வந்தார். காச நோயாளி, காற்று மாற்றத்துக்காக வந்தவர். அவருக்குத் துணையாக, சமையலும் செய்வதற்கு, பிரேன் என்பவர் கூட வந்தார். அரவிந்தர் வீட்டில் அன்று பணத் தட்டுப்பாடு. இளைஞர்கள் தாங்களே மாற்றி மாற்றிச் சமைத்து, தாங்களே பாத்திரம் துலக்கி வாழ்ந்தவர்கள். கைக்கு உதவியாக ஓர் ஆள் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிரேன் எல்லோரோடும் ஒட்டிக்கொண்டார். மாதங்கள் போயின. வீட்டில் ஏற்கெனவே பெயர்கள் குழம்பிக் கிடந்தன. ஊராருக்கு நளினி என்றால் தெரியாது, 'ராய்' என்றால் தெரியும். சுரேஷ் சக்கரவர்த்தி என்ற மணிக்கு வெளியில் 'சக்ரா' என்று பெயர்.

ஒரு நாள் பிரேன் திடீரென்று மொட்டை போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வெயில் காலத்தில் யாரும் செய்வதுதான். கேட்டுக்கொண்டிருந்த மணிக்கு ஆசை வந்துவிட்டது. தானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றார். பிரேன் முகம் மாறிற்று. வேண்டாம், உங்களுக்கு நன்றாக இருக்காது என்று தடுத்தார். மணி விளையாட்டுப் பிள்ளை. தடுக்கத் தடுக்கப் பிடிவாதம் கூடிற்று. நாவிதர் வந்தார். ஒன்றுக்கு இரண்டாக மொட்டைகள் ஆயின.

நாம் சிரித்துவிட்டு மறந்துவிடும் காட்சி இது. பிரேனுக்கு அன்றைய இரவு தூக்கம் இல்லை. ஏனென்றால் அவர் கல்கத்தா சி.ஐ.டி. அனுப்பிய ஒற்றர். தவணை முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நேரம் அவருக்கு வந்துவிட்டது. பொறுப்பை ஏற்க இன்னொரு ஒற்றர் வருகிறார். வருகிறவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது. கடிதத்தில் பெயர் எழுதினால் ஆபத்து. ஆகவே மேலிடம் ஓர் அடையாளம் வைத்திருந்தது: அந்த வீட்டிலிருந்து மொட்டைத் தலையோடு வெளியே வருகிறவர்தான் நம் ஆள். இப்போது வீட்டில் இரண்டு மொட்டைகள். புதியவர் எந்த மொட்டையிடம் போய் ரகசியத்தைச் சொல்வார்?

மணிக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் பிரேனுடைய மனம் அப்படிக் கணக்குப் போடவில்லை. இவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அடையாளத்தைக் குலைக்கவே மணி தலையை மழித்துக்கொண்டார். இனி எந்த நேரத்திலும் தன்னைப் பிடித்து உலுக்குவார்கள் என்று அவர் முடிவு கட்டினார். ஏமாற்றுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு எதிரே இருப்பவரின் வெகுளித்தனம்கூடச் சூழ்ச்சியாகத் தெரிகிறது. அந்தக் காலத்து உளவு வேலையைப் பற்றிப் படித்தவற்றில் இந்த இடத்தைப் போல் ஒற்றனின் மனத்தைத் திறந்து காட்டும் இடம் வேறு இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

தாங்க முடியாமல் பிரேன் எல்லோர் முன்னிலும் உடைந்துபோனார். தான் ஒற்றன் என்று சொன்னார். கேட்டவர்கள் வேடிக்கை என்று நினைத்தார்கள். அவரை அழைத்துவந்த நாகேனுக்கே தெரியாத செய்தி அது, யார் நம்புவார்கள்? நம்ப வைக்கவே அவர் பாடுபட வேண்டியிருந்தது. ஒற்று வேலைக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டுவந்து அரவிந்தரின் காலடியில் வைத்து, செய்தது தவறு, இனிச் செய்யமாட்டேன் என்று அழுதார். அடிக்கவோ, தெருவில் தள்ளவோ யாரும் முனையவில்லை. அரவிந்தர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் பிரேன் அந்த வீட்டை விட்டுப் போனார். அவருக்குப் பதில் வரவேண்டியவருக்கு அந்த வீட்டில் இனி வேலை இல்லை.

இதைப் படமாக எடுத்தால் நம்ப முடியாத கதை என்று யாரும் சொல்லலாம். பிற்காலத்து பிரிட்டிஷ் சினிமா இத்தகைய கதைகளில் கைதேர்ந்தது. 1949-இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' ஒரு குற்ற நகைச்சுவைப் படம். சொத்துக்கும் பட்டத்துக்கும் ஆசைப்பட்ட ஒருவன் ஒரு பிரபுக் குடும்பத்தையே ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அந்தக் குடும்பத்தார் எட்டுப் பேராகவும் வந்தவர் அலெக் கின்னஸ் ஒருவரே. 1958-இல் 'ஐ வாஸ் மான்ட்டிஸ் டபுள்' வந்தது. அது நடந்த கதை. 1944-இல் நார்மண்டி படையெடுப்புக்கு முன்னால் ஜெர்மானியரைக் குழப்ப, தளபதி மாண்ட்கோமரியைப் போலவே முகம் கொண்ட கிளிஃப்டன் ஜேம்ஸ் என்ற நடிகருக்கு அவருடைய உடுப்பை மாட்டி ஜிப்ரால்டருக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியது பிரிட்டிஷ் ராணுவம். படத்தில் ஜேம்ஸ் தாமாகவும் நடித்தார், மாண்ட்கோமரியாகவும் நடித்தார். நம் ஊரிலும் உருவ ஒற்றுமைக்குத் திரையில் குறைவே இருந்ததில்லை. 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தமபுத்திரன்' வந்தது. அதே பெயரில் 1958-இல் சிவாஜி கணேசன். இத்தனை இரட்டையர் கதைகளை ரசித்த தமிழ் சினிமாவுக்குப் புதுச்சேரியின் இரண்டு மொட்டைகள் மட்டும் கண்ணில் படாமல் போனது வருத்தமே.

1914-இல் போர் மூண்டதும் ஆட்டத்தின் விதிகள் மாறின. பிரிட்டனும் பிரான்சும் இப்போது ஒரே அணி. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுத் தெற்கே இறங்கியது. அந்தக் கப்பலும் ஆள்மாறாட்டக்காரன்தான். மூன்று புகைபோக்கி கொண்ட எம்டன், நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி, பிரிட்டனின் 'யார்மவுத்' கப்பலைப் போல் தோற்றம் காட்டி வங்காள விரிகுடாவில் உலவியது. கரை நெடுக அச்சம். இந்த நேரத்தில் தேசபக்தர்களைப் புதுச்சேரியிலிருந்து அகற்றும்படி பிரிட்டிஷ் அரசு பிரெஞ்சுக்காரர்களை நெருக்கியது. அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

நாடு கடத்தப்பட்டால் திரும்பி வருவோமா என்ற நிலையில் ஐயர் உட்கார்ந்து திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்தார். 1914-இன் கடைசியில் தொடங்கி 1915-இன் தொடக்கத்தில் நிறைவேறிய வேலை அது. 1916-இல் நூலாக வந்தது. துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் என்று போலீஸ் கோப்புகளில் பதிந்த மனிதர் அவர். நாலு மாதத்தில் 1,330 குறளையும் முடித்த அந்த வேகத்தின் பின்னால் இருந்தது கப்பலேற்றிவிடுவார்கள் என்ற அவசரம்.

நாடு கடத்தல் நடக்கவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1914-லேயே எடுத்துக்காட்டு கிடைத்தது. நான்காண்டுகளுக்கு முன் 'பௌமிக்' என்ற பெயரில் அரவிந்தரோடு கப்பலில் வந்த பிஜய் நாக், வங்காளம் போய் வரலாம் என்று கிளம்பினார். பலர் தடுத்தும் கேட்கவில்லை. எல்லையைக் கடந்ததும் பிடிபட்டார். போர் முடியும் வரை காவலில் கழிந்தது.

பாரதிக்குப் புதுச்சேரி வாழ்க்கை கசந்துகொண்டே வந்தது. பத்தாண்டுகள் ஒரு சின்ன ஊருக்குள் அடைபட்டுக் கிடப்பது அவருடைய சுபாவத்துக்கு ஒவ்வாதது. வடக்கே முத்தியால்பேட்டை, தெற்கே கடலூர்ப் பக்கம், மேற்கே சில மைல்கள், அதற்குள்தான் நடமாட்டம். பணம் இல்லை, 'இந்தியா' 1910-லேயே நின்றுவிட்டது. 1918 நவம்பர் 20-ஆம் தேதி, போர் முடிந்த ஒன்பதாம் நாள், அவர் கடலூர் எல்லை வழியாக வெளியேறினார். வேடம் இல்லை, மாற்றுப் பெயர் இல்லை. மனைவி செல்லம்மாளும் உடன் இருந்தார். பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்ததும் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் முதலியோர் தலையிட்ட பிறகு டிசம்பர் 14-இல் விடுதலை. ஐயர் 1920-இல் பொது மன்னிப்பின் பேரில் வெளியே வந்தார்; 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்ற முயன்று, 44 வயதில் மறைந்தார். அரவிந்தர் கோட்டைத் தாண்டவே இல்லை.

கீழ்புத்துப்பட்டின் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்கு இன்று எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வேண்டுதலோடு வருகிறார்கள். இதே ஊரில்தான் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களின் முகாமும் இருக்கிறது. அடைக்கலம் தேடி வருகிறவரிடம் 'நீ யார், உன் தாள் எங்கே' என்று கேட்கும் வழக்கம் நூறாண்டுகளில் வளர்ந்திருக்கிறதே தவிர குறையவில்லை. முகாம்வாசியின் அடையாள அட்டையும் பதிவேடும் வேறு ஒரு காலத்தின் கதை. அதற்கு இந்தத் தொடரில் பின்னால் தனி இடம் உண்டு.

அடுத்த இதழில்: உப்பு ஏற்றிய படகுகள் மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் போன பக்கிங்காம் கால்வாய்.